சிபிசி என்க்ரிப்ஷன்: பேடிங் பிழையை மறைத்துவிட்டால் போதுமா?

கேள்வி:
ஆப்புக்கும் சர்வருக்கும் இடையில் போகும் செய்திகள் ஏஇஎஸ்-256 சிபிசியில் (செய்தியை 16 பைட் பிளாக்குகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் முந்தையதோடு கோத்துப் பூட்டும் முறை) என்க்ரிப்ட் ஆகின்றன. செய்திக்குச் செய்தி புது ஐவி (முதல் பிளாக்கோடு சேரும் தொடக்க மதிப்பு). பேடிங் (கடைசி பிளாக்கை நிரப்பச் சேர்க்கும் பைட்கள்; எத்தனை பைட்டோ அந்த எண்ணே ஒவ்வொன்றிலும் இருக்கும்) சரியில்லை என்றால் சர்வர் ஒரு பிழை தரும். உள்ளே ஜேசன் (செய்தியின் தரவு வடிவம்) கெட்டிருந்தால் வேறு பிழை. இதை வைத்தே செய்தியைப் படித்துவிடலாம் என்கிறது தணிக்கை அறிக்கை. கீ தெரியாமல் எப்படி? இரண்டுக்கும் ஒரே பிழை கொடுத்தால் சரியாகிவிடுமா?

பதில் 1:
கீயை யாரும் தொடுவதில்லை. உங்கள் சர்வர்தான் விடை சொல்லிக் கொடுக்கிறது. சிபிசியில் டிக்ரிப்ட் ஆன பிளாக், முந்தைய சைபர் (என்க்ரிப்ட் ஆன) பிளாக்கோடு எக்ஸார் (பிட்டுக்குப் பிட் ஒப்பிட்டு, வேறுபட்டால் 1 தரும் கணக்கு) ஆகும். அந்த முந்தைய பிளாக்கின் கடைசி பைட்டை 0 முதல் 255 வரை மாற்றி மாற்றி அனுப்புவார்கள். பேடிங் 01 என்று அமையும்போது பிழை மாறும். அந்த மதிப்பை 01-உடனும் அசல் பைட்டுடனும் எக்ஸார் செய்தால் உண்மை எழுத்து கையில். எப்போதாவது 02 02 தற்செயலாக அமைந்து ஏமாற்றும். அதற்கு முந்தைய பைட்டை மாற்றி இன்னொரு முறை அனுப்பினால் தெரிந்துவிடும். அடுத்த பைட்டுக்கு 02 02, பிறகு 03 03 03. 16 பைட் பிளாக்குக்கு ஏறக்குறைய 4096 கோரிக்கைகள்தான் உச்சம். 2002-லேயே குறியாக்க ஆய்வாளர் வோதனே வெளியிட்ட தாக்குதல் இது.

பதில் 2:
ஒரே பிழை போதாது. பேடிங் சரியாக இருந்தால்தான் ஜேசன் அலசப்படும். அந்த நேர வித்தியாசமே காட்டிக்கொடுக்கும். 2013-இல் வந்த 'லக்கி தேர்ட்டீன்' தாக்குதல், இணையத் தொடர்பைப் பூட்டும் டிஎல்எஸ்ஸை நேரத்தை அளந்துதான் தாக்கியது.

முதலில் என்க்ரிப்ட், பிறகு எச்மேக்-எஸ்எச்ஏ256 (செய்தியை யாரும் மாற்றவில்லை என்று காட்ட, கீயை வைத்துக் கணக்கிடும் முத்திரை). எச்மேக்குக்குத் தனிக் கீ. ஐவியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். விட்டால் முதல் பிளாக்கின் பிட்களை இஷ்டத்துக்குப் புரட்டலாம். பெறும் பக்கம் எச்மேக் தேறாவிட்டால் டிக்ரிப்ட் பக்கமே போகக் கூடாது. ஒப்பிடும்போது சாதாரண சமக்குறி வேண்டாம், எப்போதும் ஒரே நேரம் எடுக்கும் ஒப்பீட்டுச் சார்பு வேண்டும்.

பதில் 3:
புதிதாக எழுதுவதானால் ஜிசிஎம் (என்க்ரிப்ஷனையும் முத்திரையையும் சேர்த்தே செய்யும் முறை) போதும், டிஎல்எஸ் 1.3 சிபிசியையே தூக்கிவிட்டது. ஆனால் ஒரே கீயில் 12 பைட் நான்ஸ் (ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டிய எண்) திரும்ப வந்தால் கதை முடிந்தது: இரு செய்திகளின் எக்ஸார் வெளிப்படும், போலிச் செய்தியும் தயாரிக்கலாம். நான்ஸுக்குக் கவுண்டர் வைத்திருந்தால் பேக்கப்பிலிருந்து சர்வரை மீட்கும் நாள்தான் ஆபத்து. பழைய எண்ணிலிருந்தே தொடங்கும். மீட்டதும் கீயை மாற்றுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. பழைய ஆப் வைத்திருப்பவர்களுக்காகச் சிபிசியையும் கொஞ்ச நாள் விட்டுவைக்கலாமா?

பதில் 2:
விட்டுவைத்தால் நடுவில் இருப்பவர் புது இணைப்பைக் கெடுத்து, ஆப்பைப் பழையதற்கு இறங்க வைப்பார். 2014-இல் 'பூடில்' தாக்குதல் அப்படித்தான் உலாவிகளை டிஎல்எஸ்ஸுக்கு முந்தைய எஸ்எஸ்எல் 3.0-க்கு இறக்கியது. புது ஆப் எந்தத் தோல்விக்கும் சிபிசிக்குத் திரும்பக் கூடாது. பழைய ஆப்பின் சிபிசிக்கு இறுதித் தேதி வையுங்கள். அதுவரை அந்தச் சர்வர் வழியில் கோரிக்கை எண்ணிக்கைக்குக் கடும் வரம்பு போடுங்கள்.