புதுப்பிப்பு: குரலின் எல்லையை அளப்பது – ஒரு திருத்தம்

முந்தைய இழையில், எட்டும் மிகத் தாழ்ந்த ஸ்வரத்தையும் மிக உயர்ந்த ஸ்வரத்தையும் குறித்தால் உங்கள் எல்லை தெரியும் என்று எழுதியிருந்தேன். அது போதாது. எட்டுவது வேறு, வசதியாகப் பாடுவது வேறு. ஒவ்வொரு ஸ்வரத்தையும் ‘ஆ’ என்று 8 விநாடி பிடியுங்கள். கரகரத்தாலோ தாடை இறுகினாலோ அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். தூங்கி எழுந்ததும் அளக்கவும் வேண்டாம். அப்போது குரல் வழக்கத்தைவிடக் கீழே இறங்கும், அதை நம்பக்கூடாது.

ஒலிப்பதிவில் உங்கள் குரல் மெலிந்து கேட்பது கோளாறு அல்ல. பாடும்போது மண்டை எலும்பு வழியாகவும் ஒலி உள்காதுக்குப் போய், தாழ்ந்த அதிர்வுகளைக் கூட்டிக் காட்டுகிறது. மற்றவர்கள் கேட்பது பதிவுக்கு நெருக்கமான குரலைத்தான்.

மேலே போகையில் குரல் உடைந்தால் சத்தத்தைக் கூட்டித் தள்ளாதீர்கள். பெரும்பாலோர் செய்யும் தவறு இதுதான். மெல்லிய ஸ்ட்ராவை உதட்டில் கவ்வி, அதன் வழியே ‘ஊ’ என்று கீழிருந்து மேலே வழுக்கிப் போங்கள். 2 நிமிடம், நாளுக்கு 3 முறை. ஸ்ட்ரா காற்றைத் தடுத்துத் தரும் எதிரழுத்தத்தால் குரல்நாண்கள் மோதும் வேகம் தணியும். நடுவில் மூக்கைப் பிடித்துப் பாருங்கள்: ஒலி மாறினால் காற்று மூக்கு வழியே கசிகிறது, பயிற்சி பலிக்காது. வலித்தால் உடனே நிறுத்துங்கள்.