மூத்திரப்பை ஆபரேஷன்: ரத்த ரிப்போர்ட் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். யாங்கோனிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு மூத்திரப்பையில் புற்றுநோய், பையையே எடுத்துவிட்டார்கள். ஆபரேஷனுக்கு முந்தைய ரிப்போர்ட்டில் வெள்ளை அணு வகைகளான நியூட்ரோஃபில் 78, லிம்ஃபோசைட் 13 சதவீதம், ரத்தத்தில் உள்ள புரதமான ஆல்புமின் 3.1. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 6 வருகிறது. இந்த விகிதம் கூடினால், ஆல்புமின் குறைந்தால், ஆபரேஷனுக்குப் பிறகு ஆயுளும் குறையலாம் என்று ஆய்வுகள் சொல்வதைப் படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆனால் ரத்தம் எடுத்த அந்த வாரம் அவருக்குச் சிறுநீர்த் தொற்று, நல்ல காய்ச்சல். தொற்று வந்தாலே நியூட்ரோஃபில் ஏறும், ஆல்புமின் இறங்கும் அல்லவா? அப்படியானால் அந்த 6-ஐ எவ்வளவு நம்புவது?

எடுத்த பையைச் சோதித்ததில் கட்டி தசை வரை போயிருக்கிறது, நிணநீர்க் கணுக்களில் பரவவில்லை. எனக்கென்னவோ இதுதான் முக்கியம் என்று படுகிறது. டாக்டர், நர்ஸ், லேப் வேலையில் இருக்கும் அண்ணன்மார், அக்காமார் யாராவது சொல்லுங்கள்: இப்போது திரும்ப ரத்தம் எடுத்துப் பார்த்தால் பயன் உண்டா? அடுத்த முறை டாக்டரிடம் வேறு என்ன கேட்க வேண்டும்?