காபனீரொட்சைட்டைப் பிடிக்கிற இடத்தில் கரண்ட் எடுக்கலாமா?

உப்புவெளியான்:
2016இல் சம்பூர் அனல்மின் திட்டத்தைக் கைவிட்டபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். ஆனால் நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி அனல்மின் நிலையம் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? 2013இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஒன்று செய்திருக்கிறார்கள். காபனீரொட்சைட்டு கரைந்த தண்ணீரையும் வெறும் காற்று கரைந்த தண்ணீரையும் இரண்டு மின்வாய்களுக்கு நடுவே மாறி மாறி விட்டால் கரண்ட் வருகிறது. உலகம் முழுக்கப் புகையோடு இப்படி வருடத்துக்கு 1,570 டெராவாட் மணி வீணாகிறதாம். புகைபோக்கியில் இதை மாட்டினால் என்ன?

கொட்டியாரக்காரன்:
தம்பி, அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கு. தண்ணீருக்குப் பதில் அமீன் (காபனீரொட்சைட்டைப் பிடிக்கிற இரசாயனம்) கரைசல் விட்டும் கிடைத்தது சதுர மீட்டருக்கு 4.5 மில்லிவாட். ஒரு 9 வாட் பல்ப் எரிய மின்வாயை மூடுகிற மென்சவ்வு 2,000 சதுர மீட்டர் வேணும், அதாவது அரை ஏக்கர். பம்ப் குடிக்கிற கரண்ட்டை யார் கணக்கில் எழுதுகிறது?

உப்புவெளியான்:
அண்ணன், முதல் சோலாரும் இப்படித்தான் இருந்தது. சரி, அதை விடுங்கோ. புகையிலிருந்து காபனீரொட்சைட்டைப் பிடிக்கிற அமீன் கோபுரத்துச் சூடு அவ்வளவும் வீண்தானே?

ஐஸ்கட்டி:
இடையில் வருகிறேன், மன்னிக்கவும். அமீன் 40 பாகை அளவில் வாயுவைப் பிடிக்கும், விட வைக்க 120 பாகைக்குச் சூடாக்க வேண்டும். வழமையான முறையில் ஒரு தொன் காபனீரொட்சைட்டுக்கு 3.5 கிகாஜூல் மட்டில் போகும். திரும்பி வருகிற சூட்டுக் கரைசலால் எதிரே போகிற குளிர்ந்ததைச் சூடாக்குவது பழைய வேலை, எல்லா ஆலையிலும் இருக்கிறது. மிச்சம் இருப்பது, பிடித்த வாயுவை 100 பாருக்கு மேல் அமுக்கும்போது கொம்பிரசரில் வருகிற சூடு. நான் வேலை செய்கிற ஐஸ் பக்டரியில் அம்மோனியா கொம்பிரசரின் வெளிக்குழாயில் கை வைத்தால் தோல் உரியும். அதைச் சுற்றித் தண்ணீர் ஓடவிட்டு மீன் பெட்டி கழுவச் சுடுதண்ணீர் எடுக்கிறோம், ஹீட்டர் செலவு மிச்சம். ஆனால் கொம்பிரசர் இழுக்கிற கரண்ட் ஒரு யூனிட்கூடக் குறையவில்லை.

கொட்டியாரக்காரன்:
அதுதான். கன்னியா வெந்நீர் ஊற்றில் குளிக்கலாம், அந்தச் சூட்டில் தேத்தண்ணி போட ஏலுமா?

உப்புவெளியான்:
அப்போ டர்பைனிலிருந்து எடுக்கிற நீராவிக்குப் பதில் அந்தச் சூட்டால் பொயிலருக்குப் போகிற தண்ணீரை முதலே சூடாக்கலாமே, அந்தளவு நீராவி டர்பைனுக்கு மிஞ்சும். அதைத்தானே நான் கேட்டேன்.

கொட்டியாரக்காரன்:
நீர் கேட்டது கரண்ட். மேலே தலைப்பைப் பாரும்.