சமூகவியலின் ‘தந்தைகள்’ பட்டியலைப் போட்டது யார்?

கேள்வி:
எம்.ஏ. முதல் வருடம் படிக்கிறேன். எங்கள் கைடில் முதல் பக்கமே ஆகஸ்ட் காம்ட் படம், கீழே ‘சமூகவியலின் தந்தை’. அடுத்து மார்க்ஸ், துர்க்கைம், வெபர். நேற்று மேடம், “இந்த வரிசையை யார், எப்போது போட்டார்கள்? ஒரு பக்கம் எழுதிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டார். கைடில் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை. யாராவது சொல்லுங்களேன்.

பழைய வாத்தியார்:
உங்கள் மேடத்துக்கு ஒரு கும்பிடு. இருபது வருடம் இந்தப் பாடம் நடத்தினேன். முதல் பத்து வருடம் நானும் அந்தக் கைடைத்தான் ஒப்பித்தேன்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் பெரிய பெயர் ஹெர்பர்ட் ஸ்பென்சர் என்ற ஆங்கிலேயச் சிந்தனையாளர். 1937இல் ஹார்வர்டின் சமூகவியலாளர் டால்காட் பார்சன்ஸ் ஒரு தடித்த புத்தகம் போட்டார். முதல் வரியே, “இப்போது ஸ்பென்சரை யார் படிக்கிறார்கள்?” அதுவும் சொந்தச் சரக்கு இல்லை, கிரேன் பிரின்டன் என்ற வரலாற்றாசிரியரின் வரி. ஸ்பென்சரை வாசலோடு அனுப்பிவிட்டு, உள்ளே பொருளியல் அறிஞர்கள் மார்ஷல், பரேட்டோ, கூடவே துர்க்கைம், வெபர் என்று நால்வருக்கும் இலை போட்டார். மார்க்ஸுக்குத் தனி இலை இல்லை, ஜெர்மன் சமூகவியலாளர் சிம்மலுக்கும் இல்லை. வெபரின் புராட்டஸ்டன்ட் அறம் பற்றிய நூலை 1930இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவரும் இதே பார்சன்ஸ்தான், கவனியுங்கள். மார்க்ஸ் அமெரிக்கப் பந்தியில் உட்கார்ந்தது 1960, 70களில்தான். அதற்குள் மார்ஷலும் பரேட்டோவும் கை கழுவப் போய்விட்டார்கள்.

இதைக் கிளறியவர்களில் ஆஸ்திரேலியச் சமூகவியலாளர் ரேவின் கானல் முக்கியம். 1997 கட்டுரையைத் தேடிப் படியுங்கள். ஆரம்பகாலச் சமூகவியலாளர்கள் ஐரோப்பியத் தொழிற்சாலைகளை மட்டும் பார்த்தவர்கள் இல்லை, காலனிகளிலிருந்து வந்த தகவலை வைத்து உலகத்தையே ‘முன்னேறியவர், பின்தங்கியவர்’ என்று தரம் பிரித்தவர்கள் என்கிறார்.

இன்னொருவர்:
சார், அமெரிக்கக் கறுப்பினச் சமூகவியலாளர் டு பாய்ஸை விட்டுட்டீங்களே! 1896-97இல் பிலடெல்ஃபியாவின் ஏழாவது வார்டில் வீடு வீடாக ஏறி இறங்கி, கறுப்பின மக்களின் வேலை, வாடகை, குடும்பம் எல்லாம் விசாரித்து 1899இல் புத்தகமாக்கியவர். நகர ஆய்வு என்றால் சிகாகோ பல்கலைக்கழகச் சமூகவியலாளர்கள்தான் என்றே எழுதிவந்தார்கள். அதை மறுத்து ஆல்டன் மாரிஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 2015இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார்.

பழைய வாத்தியார்:
விட்டது தப்புதான். இத்தனைக்கும் வெபரே டு பாய்ஸிடம் கட்டுரை வாங்கி 1906இல் தன் இதழில் போட்டிருக்கிறார். வெபரைக் கொண்டாடியவர்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி சார். அப்போ காம்ட் படத்தை ஒட்டலாமா, வேண்டாமா?

பழைய வாத்தியார்:
தாராளமாக ஒட்டுங்கள். கீழே ‘தந்தை’ என்று போடாமல், ‘1830களின் கடைசியில் சமூகவியல் என்ற பெயரை அச்சில் கொண்டுவந்தவர்’ என்று எழுதுங்கள்.