பழைய த்ராஷும் புதிய த்ராஷும் ஒரே கூடத்தில்: ஒலி குழம்புகிறது, உதவி தேவை

வணக்கம். ராயபுரத்தில் எங்கள் ஆலய இளைஞர்களுக்குக் கிறித்தவ த்ராஷ் மெட்டலின் (அதிவேகமான, கனத்த ராக் இசை) பழைய ஆல்பங்களையும் புதியவற்றையும் அடுத்தடுத்து ஒலிக்கவிட்டு ஒப்பிட்டுக் காட்டப்போகிறேன். டெலிவரன்ஸின் 'வெப்பன்ஸ் ஆஃப் அவர் வார்ஃபேர்' (1990), 'தி சப்வெர்சிவ் கைண்ட்' (2018). டூர்னிகெட்டின் 'ஸ்டாப் தி பிளீடிங்' (1990), 'கேஸிங் அட் மெடூசா' (2018). அதே குழுக்கள், 28 ஆண்டு இடைவெளி. டூர்னிகெட்டின் டிரம்ஸ் கலைஞர் டெட் கர்க்பேட்ரிக் 2022இல் மறைந்துவிட்டார். அவருடைய ஒவ்வோர் அடியும் பிள்ளைகளுக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

ஆனால் 1990 பதிவுகள் மெலிந்து கேட்கின்றன. ஒலியைக் கூட்டினால் அடுத்து வரும் 2018 பாடல் காதைப் பிளக்கிறது. இரட்டை பேஸ் டிரம் (இரு கால்களாலும் மாறி மாறி அடிக்கும் பெரிய டிரம்) வேகமெடுக்கும் இடங்களில் கிதாரும் டிரம்ஸும் ஒரே இரைச்சலாகிவிடுகின்றன. ஹெட்போனில் இந்தக் குழப்பம் துளியும் இல்லை.

கூடம் 40 அடிக்கு 25 அடி. டைல்ஸ் தரை, தகரக் கூரை, திரைச்சீலை கிடையாது. மடிக்கணினி, ஆறு சேனல் மிக்ஸர், 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு.

கடந்த இரண்டு சனிக்கிழமைகளிலும் முயன்றேன். பேஸைக் குறைத்தால் கிதாரின் கனமே போய்விடுகிறது. ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து நான்கு அடி தள்ளிவைத்ததில் சற்றே தேறியது. எம்பி3 கோப்புகளை விட்டு சிடியையே போட்டும் மாற்றமில்லை. மென்பொருளில் ஒலியளவைச் சமப்படுத்தியதும் காதைப் பிளப்பது நின்றது, இரைச்சல் நிற்கவில்லை.

வரும் ஞாயிறு மாலை நிகழ்ச்சி. கையில் 3,000 ரூபாய் இருக்கிறது. கனமான திரைச்சீலைகள், ஈக்வலைசர் (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் கருவி) இரண்டில் எதை வாடகைக்கு எடுத்தால் இந்த இரைச்சல் தீரும்?