"தம்பி, இது ஒரு கையெழுத்து வேலைதானே?"

ஹாரோ சொலிசிட்டர்

லண்டனில் பதினெட்டு வருடமாக வீடு வாங்குகிறவர்களுக்கும் விற்கிறவர்களுக்கும் சட்ட வேலை பார்த்துக் கொடுக்கிறேன். இங்கே இதற்குக் கன்வேயன்சிங் என்று பெயர். எங்கள் ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்துவதுதான் கஷ்டம். ஊரில் நொத்தாரிசு உறுதிப் பத்திரம் எழுதுவார், சாட்சிகள் கையெழுத்து வைப்பார்கள், காரியம் முடிந்தது. அந்த ஞாபகத்தில்தான் முதல் போன் வரும்: "தம்பி, இது ஒரு கையெழுத்து வேலைதானே? எவ்வளவு குறைப்பீர்?"

2025 மார்ச்சில் முடித்த ஒரு ஃபைலைச் சொல்கிறேன். இளம் தம்பதி, 450,000 பவுண்ஸுக்கு முதல் வீடு. நான் கட்டணமாகக் கேட்டது 950. பேசிப் பேசி 850க்குக் கொண்டுவந்தார்கள், வாட் வரி தனி. அதே வீட்டை விற்றுக் கொடுத்த ஏஜென்ட்டுக்கு ஒன்றரை வீதம், அதாவது 6,750. அவர் எடுத்துப் போட்ட படங்கள் நல்ல படங்கள்தான், அதை நான் மறுக்கவில்லை.

முற்பணம் 45,000. அது எப்படி வந்தது என்று நான் கேட்டே ஆக வேண்டும். பணச்சலவைத் தடுப்பு விதிகள் 2017இல் இறுகியபிறகு, கேட்காமல் விட்டால் மாட்டுவது நான்தான். பாங்க் ஸ்டேட்மென்ட்டைத் திறந்தால் சீட்டுக் காசு 12,000, கனடா மாமா அனுப்பியது 8,000, மிச்சத்தில் பாதி நகை விற்றது. சீட்டுக்கு ரசீது எங்கே போய் எடுப்பது? சீட்டுப் பிடிக்கிற அக்காவின் கொப்பியை வாட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்பினார்கள். மாதம் இவ்வளவு, கழிவு இவ்வளவு என்று அச்சுப்போல் எழுதியிருந்தார். நேர்மையான காசு என்று எனக்குத் தெரியும், எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சேர்த்தோம். ஆனால் எனக்குத் தெரியும் என்பதை ஃபைலில் வைக்க முடியாதே. மாமாவின் பாஸ்போர்ட், அவருடைய பாங்க் கணக்கு, வீட்டில் எனக்கு உரிமை வேண்டாம் என்று அவர் தரும் கடிதம், அதையெல்லாம் கடன் கொடுக்கும் வங்கிக்கு அறிவிப்பது என்று மூன்று வாரம் போனது. அதற்குத் தனியாக ஒரு சதமும் கிடையாது. 850 என்றால் 850தான்.

அப்புறம் ஸ்டாம்ப் டியூட்டி, வீடு வாங்குகிறவர் அரசுக்குக் கட்டும் வரி. முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு 425,000 வரை வரி இல்லை என்றிருந்தது, ஏப்ரல் 1 முதல் 300,000க்கு இறங்க இருந்தது. மார்ச்சுக்குள் முடித்தால் இவர்களுக்கு வரி 1,250. ஒரு நாள் பிந்தினால் 7,500. எல்லாருக்கும் இதே கணக்குத்தான், அதனால் நாட்டில் பாதிப் பேர் கடைசி வெள்ளிக்கிழமையான 28ஆம் திகதியைத்தான் கேட்டார்கள். ஒருவர் விற்ற காசில்தான் அடுத்த வீட்டை வாங்குவார், அதனால் எல்லாம் ஒரே நாளில் முடிய வேண்டும்; எங்கள் சங்கிலியில் அப்படி மூன்று வீடுகள். கீழே ஒருவருடைய காசு வராவிட்டால் மேலே எல்லாரும் தெருவில்.

அன்று மத்தியானம் இரண்டரைக்கும் வங்கியின் காசு வரவில்லை. வாங்குகிற கணவர் வானுக்குள்ளிருந்து போன் எடுக்கிறார். "அண்ணை, வான் வாசலில நிக்குது. திறப்பு எப்ப தருவினம்?" ஒரே நாளில் பதினேழு தடவை. மூன்று ஐம்பதுக்கு முடிந்தது. நான் அதற்குப் பிறகுதான் காலைச் சாப்பாட்டைத் திறந்தேன்.

அந்த ஃபைலில் நானும் உதவியாளரும் செலவழித்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன். முப்பத்தொரு மணி. மணிக்கு 27 பவுண்ஸ் சொச்சம். அதில்தான் சம்பளம், வாடகை, இன்சூரன்ஸ் எல்லாம். வான்காரருக்கு மணிக்கு 60 கொடுத்ததாக அவர்களே சொன்னார்கள்.

இல்ஃபோர்ட் வாசி

மற்றப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். நான்தான் அந்தப் பேரம் பேசுகிற ஆள்.

தெரிந்த சொலிசிட்டர் ஒருவர் ஃபிளாட்டுக்கு 1,000 கேட்டார். ஏஜென்ட் கை காட்டிய இடத்தில் 399. யோசிக்கவே இல்லை. பிறகு பில் வந்தது: லீஸ்ஹோல்ட் (நீண்ட காலக் குத்தகை வீடு) என்பதால் 250, வங்கிக்கு வேலை செய்ததற்கு 120, அடையாளம் பார்க்க 30, காசு அனுப்ப 40, அப்பா தந்த பணத்தைச் சரிபார்க்க 100, ஸ்டாம்ப் டியூட்டி படிவம் நிரப்ப 90, ஐசா என்ற சேமிப்புக் கணக்குக்கு 50. மொத்தம் 1,079.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஐந்து மாதத்தில் ஐந்து பேர் மாறினார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து கதை சொன்னேன். ஐந்தாவது பிள்ளை, பாவம், வாய் தவறிச் சொல்லிவிட்டது: தன்னிடம் 120 ஃபைல் இருக்கிறதாம். அதன்பிறகு எனக்குக் கத்த மனம் வரவில்லை. அந்த 399இல் ஒரு பங்கு ஏஜென்ட்டுக்குத் திரும்பிப் போனதைப் பின்னர்தான் பார்த்தேன். ஒளிக்கவில்லை, சட்டப்படி கடிதத்தின் ஆறாம் பக்கத்தில் எழுதித்தான் இருந்தார்கள். ஆறாம் பக்கம் யார் படிப்பது?

பழைய ஃபைல்

நான் ஒரு சின்ன அலுவலகத்தில் செக்ரட்டரியாக இருந்தேன். எங்கள் சேர், அதாவது அதை நடத்திய சொலிசிட்டர், அறுபத்தேழு வயதிலும் வேலை செய்தார். ஆசையால் இல்லை, மூட முடியாததால்.

இங்கே சொலிசிட்டர் அலுவலகம் நடத்துவதென்றால் குறைந்தது 20 லட்சம் பவுண்ஸுக்கு இன்சூரன்ஸ் கட்டாயம், லிமிட்டட் கம்பெனி என்றால் 30 லட்சம். வீட்டு வேலை செய்கிற அலுவலகம் என்றதும் இன்சூரன்ஸ்காரர் முகம் சுளிப்பார். காரணம் உண்டு. 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த ட்ரீம்வார் வழக்கில், சொந்தக்காரர் என்று சொல்லி யாரோ ஒருவன் விற்ற வீட்டுக்கு 11 லட்சம் பவுண்ஸ் போய்விட்டது. வாங்கியவரின் சொலிசிட்டர் கவனக்குறைவாக நடக்கவில்லை என்று நீதிமன்றம் சொன்ன பிறகும் பொறுப்பு அவர் தலையிலும் விழுந்தது. 850 பவுண்ஸ் கட்டணத்துக்குப் பின்னால் இவ்வளவு பெரிய பொறுப்பு நிற்கிறது.

சரி, மூடிவிட்டுப் போகலாமே என்றால், மூடிய பிறகும் ஆறு வருடத்துக்குக் காப்புறுதி வேண்டும். எங்கள் சேருக்கு அதற்குக் கேட்டது வழக்கமான வருடப் பிரீமியத்தின் மூன்று மடங்கு. அவ்வளவு காசு கையில் இல்லை. அதைச் சேர்க்க இன்னும் இரண்டு வருடம் வேலை செய்தார், அந்த இரண்டு வருடமும் மலிவு ஃபைல்கள்தான் வந்தன. அவர் எப்போதும் சொல்வார், 1973க்கு முன் வீட்டு விலைக்கு ஏற்ற கட்டணப் பட்டியல் ஒன்று இருந்ததாம், அதை எடுத்துவிட்டார்கள் என்று. அந்தக் காலத்தில் அவரே பள்ளிக்கூடப் பிள்ளை. ஆனாலும் ஏதோ தன் கையிலிருந்து பறித்த மாதிரித்தான் சொல்வார்.

ஹாரோ சொலிசிட்டர்

இல்ஃபோர்ட் வாசிக்கு: உங்கள் மேல் கோபம் இல்லை. 2018 டிசம்பரிலிருந்து எங்கள் விலையை வெப்சைட்டில் போட வேண்டும் என்பது விதி. நல்ல விதி. ஆனால் நீங்கள் போன் எடுத்தால் நாங்கள் திருப்பி எடுத்துப் பேசுவோமா என்பதைப் போட அதில் இடமில்லை.

போன கிழமை அந்த மார்ச் தம்பதியின் தம்பி எடுத்தார், அவரும் வீடு பார்க்கிறாராம். "அண்ணாவுக்கு 850க்குச் செய்தீங்களாமே?" என்றார். நான் 1,250 என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. மனைவியிடம் கேட்டுவிட்டு எடுக்கிறேன் என்றார்.

இன்னும் எடுக்கவில்லை.