எர்னி சேம்பர்ஸ்: 46 ஆண்டுத் தனிக்குரலா, முட்டுக்கட்டையா?

திண்ணைக்கட்டு:
சட்டமன்றத்தில் ஒருவர் இத்தனை ஆண்டுதான் இருக்கலாம் என்று வரம்பு வேண்டும் என்பது என் வாதம். அதற்கு அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலச் சட்டமன்றத்தில் இருந்த எர்னி சேம்பர்ஸை விடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது. ஒமாஹா நகரின் வடக்குப் பகுதி, 11ஆம் தொகுதி. 1971 முதல் 2009 வரை ஒரே மூச்சில், பிறகு 2013 முதல் 2021 வரை. மொத்தம் 46 ஆண்டு. அந்த மாநிலத்தில் வேறு யாரும் இவ்வளவு காலம் இருந்ததில்லை. அவையில் 49 பேர், ஒரே ஒரு அவை. கூட்டத்தொடர் ஓராண்டு 90 நாள், மறு ஆண்டு 60 நாள். அந்தக் குறைந்த நேரத்தைப் பேசியே கரைத்துவிடுவது இவர் வழக்கமாக இருந்தது. தனக்குப் பிடிக்காத மசோதாவுக்குத் திருத்தம், அந்தத் திருத்தத்துக்கு இன்னொரு திருத்தம் என்று அடுக்கிக்கொண்டே போவார். 33 பேர் கைகோத்தால்தான் வாயடைக்க முடியும். மற்ற 48 தொகுதி மக்களும் ஓட்டுப் போட்டுத்தானே ஆள் அனுப்பியிருக்கிறார்கள்?

மாலதி க.:
பேசிக் கரைத்தார், சரி. ஏன் கரைத்தார் என்பதையும் சொல்லுங்கள். பல ஆண்டுகள் அந்த அவையிலேயே ஒரே கறுப்பின உறுப்பினர் அவர். ஓட்டெடுப்பு என்று வந்தால் எப்போதும் தோற்கும் ஒருவருக்கு, விதிப்புத்தகத்தைத் தவிர வேறென்ன ஆயுதம் இருக்கிறது? அந்தப் புத்தகத்தை அவரளவுக்குக் கரைத்துக் குடித்தவர் அங்கே யாருமில்லை.

அவர் வந்த வழியைப் பாருங்கள். வடக்கு ஒமாஹாவில் முடி வெட்டிக்கொண்டிருந்தவர். 1966இல் வந்த ஓர் ஆவணப்படத்தில் அந்தக் கடை வருகிறது. கறுப்பின மக்களோடு பழகத் தன் சபையைப் பழக்க நினைக்கும் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் உள்ளே வருகிறார். சேம்பர்ஸ் முடி வெட்டிக்கொண்டே, உங்கள் தேவாலயத்தால் எங்களுக்கு என்ன பயன் என்று முகத்துக்கு நேரே கேட்கிறார். சட்டமன்றத்துக்குப் போன பிறகும் அதே ஆள்தான். கோட்டு, டை எல்லாம் கிடையாது. ஜீன்ஸும் அரைக்கைச் சட்டையும்தான். ஆண்டுக்கு 12,000 டாலரைத் தாண்டாத சம்பளத்தில் இருந்துகொண்டே அத்தனையும் செய்தார்.

சாதித்ததும் இருக்கிறது. ஒமாஹா மாநகர மன்றத்துக்கு ஊர் முழுக்க ஒரே தொகுதியாகத் தேர்தல் நடந்தவரை ஒரு கறுப்பினத்தவர்கூட ஜெயிக்கவில்லை. வட்டவாரித் தேர்தலைக் கொண்டுவந்த சட்டம் இவருடையது. 1981இல் முதல் கறுப்பின உறுப்பினர் உள்ளே போனார். நிறவெறித் தென்னாப்பிரிக்காவில் தொழில் செய்யும் நிறுவனங்களிலிருந்து அரசின் முதலீட்டை எடுக்கச் சொல்லி 1980லேயே தீர்மானம் நிறைவேற்ற வைத்தார். பள்ளிகளில் பிள்ளைகளை அடிப்பதைத் தடுக்கும் சட்டம், 1988. அதுவும் அவருடையதே.

திண்ணைக்கட்டு:
இதையெல்லாம் மறுக்கவில்லை. ஆனால் 2006ஐத் தாண்டிக் குதித்துவிட்டீர்களே! ஒமாஹா பள்ளி மாவட்டத்தை மூன்றாகப் பிரிக்கும் திருத்தத்தைக் கொண்டுவந்தது யார்? பிரித்தால் ஒன்று பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகள், ஒன்று வெள்ளையர், ஒன்று ஹிஸ்பானியர். 1954இல் உச்ச நீதிமன்றம் ஒழித்த நிறவாரிப் பள்ளிப் பிரிவினையை இவர் கையாலேயே திரும்ப அழைப்பதா? கறுப்பின உரிமைக்கான சங்கமே வழக்குப் போட்டது. மறு ஆண்டே சட்டத்தை மாற்றினார்கள், பிரிவினை நடைமுறைக்கு வரவில்லை. வெள்ளைக்கார உறுப்பினர் ஒருவர் இதைச் செய்திருந்தால் நீங்கள் விட்டிருப்பீர்களா?

மாலதி க.:
விட்டிருக்க மாட்டேன். ஆனால் சேம்பர்ஸ் கேட்டது வேறு. பேருந்து வைத்துப் பிள்ளைகளைக் கலந்து படிக்க வைத்த திட்டம் 1999லேயே நின்றுபோயிற்று. பள்ளிகள் ஏற்கெனவே பிரிந்துதான் கிடந்தன. பிரிந்த பள்ளியை நடத்தும் அதிகாரமாவது அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் கையில் இருக்கட்டும் என்றார். வழி எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நோய் எதுவென்று சரியாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

கரிசல்மண்:
ரெண்டு பேரும் பெரிய விஷயத்தைத் தொடவே இல்லையே. மரண தண்டனைக்கு எதிரா அந்த மனுஷன் வருஷா வருஷம் மசோதா கொண்டு வந்தார். 1979ல அவை நிறைவேத்துச்சு, ஆளுநர் வீட்டோ பண்ணிட்டார். அதுக்கப்புறம் முப்பத்தாறு வருஷம் விடாம நின்னார். 2015 மே மாசம் மறுபடி நிறைவேறுச்சு. ஆளுநர் பீட் ரிக்கெட்ஸ் வீட்டோ பண்ணார். அதை முறியடிக்க 30 ஓட்டு வேணும். கிடைச்சது சரியா 30. கட்டுப்பெட்டியான குடியரசுக் கட்சிக்காரங்க பலரும் அவர் பக்கம் வந்து நின்னாங்க. ஒரு ஓட்டு குறைஞ்சிருந்தாலும் அவ்ளோதான். முட்டுக்கட்டை போடுறவனுக்கு அந்த 30 பேர் எப்படிங்க கிடைப்பாங்க?

திண்ணைக்கட்டு:
கரிசல் அண்ணே, கதையை 2015லேயே நிறுத்தாதீர்கள். 2016 நவம்பரில் மக்களிடமே கேட்டார்கள். 61 சதவீதம் பேர் மரண தண்டனை வேண்டும் என்றார்கள். 2018 ஆகஸ்டில் கேரி டீன் மூருக்கு ஃபென்டனில் உள்ளிட்ட மருந்துகள் செலுத்தித் தண்டனை நிறைவேறியது. 1979இல் இரண்டு டாக்சி ஓட்டுநர்களைச் சுட்டுக் கொன்றவர். மக்கள் தீர்ப்பு அதுதான் என்றால், நாற்பதாண்டு அவை நேரம் எதற்குப் போனது?

கரிசல்மண்:
அந்த வாக்கெடுப்புக்குக் கையெழுத்து வாங்குற வேலைக்கு ஆளுநரே சொந்தப் பணம் போட்டார், அவங்கப்பாவும் போட்டார். அதை ஏன் விட்டுட்டீங்க? ஒரு உயிரை அரசாங்கம் எடுக்கலாமாங்கிறது எத்தனை பேர் கை தூக்குறாங்கன்னு எண்ணிப் பாத்து முடிவு பண்ற விஷயமா? எனக்கு அப்படித் தோணல. அவருக்கும் தோணல.

திண்ணைக்கட்டு:
பிறகு கடவுள் மீதே வழக்குப் போட்டாரே, 2007இல். முகவரி இல்லாதவருக்குச் சம்மன் கொடுக்க முடியாது என்று நீதிபதி தள்ளுபடி செய்தார். நீதிமன்ற நேரத்துக்கு மதிப்பே இல்லையா?

மாலதி க.:
யாராக இருந்தாலும், யார் மீதும் வழக்குப் போட நீதிமன்றக் கதவு திறந்திருக்க வேண்டும் என்று காட்டத்தான் போட்டார். நீதிமன்றத்தோடு அவருக்கு இருந்த உண்மையான சண்டையைப் பேசுங்கள். சட்டமன்றம் தொடங்குமுன் ஜெபம் செய்ய ஒரு பாதிரியாருக்கு மாதம் 319.75 டாலர் அரசுப் பணத்தில் கொடுத்தார்கள். 1965 முதல் ஒரே சபையைச் சேர்ந்த ஒரே பாதிரியார். அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய் 1983இல் ஆறுக்கு மூன்று என்று தோற்றார். தோற்ற வழக்குதான். ஆனாலும் அரசு ஜெபம் பற்றி அங்கே யார் வாதாடினாலும் மார்ஷ் எதிர் சேம்பர்ஸ் என்ற அந்தத் தீர்ப்பைத் தொடாமல் நகர முடியாது.

இப்போது உங்கள் கால வரம்புக்கு வருகிறேன். 2000இல் மாநிலம் முழுக்க ஓட்டுப் போட்டு, தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் கூடாது என்றார்கள். இவரை வெளியேற்றத்தான் அது வந்தது என்று அங்கே பலர் வெளிப்படையாகவே பேசினார்கள். 2009இல் வெளியே போனார். விதிப்படி ஒரு தவணை ஒதுங்கியிருந்துவிட்டு 2012இல் நின்றார். அப்போது பதவியில் இருந்த பிரெண்டா கவுன்சிலும் கறுப்பினத்தவர், அதே வடக்கு ஒமாஹாக்காரர். அவரைத் தோற்கடித்துவிட்டு 75 வயதில் மறுபடி உள்ளே போனார். புது ஆள் வேண்டுமா என்று அந்தத் தொகுதியிடமே கேட்டாயிற்று. கையில் புது ஆள் இருந்தும் பழைய ஆளைத்தானே திரும்பக் கூப்பிட்டார்கள்? அவர்கள் சார்பில் அந்த முடிவை எடுக்க மற்ற 48 தொகுதிகளுக்கு என்ன உரிமை என்று சொல்லுங்கள்.